காணி உறுதியை ஈடு வைத்து வாங்கும் ஜீப்



சோனகதெரு, ஐந்து சந்தி, பொம்மைவெளி உறவுகளுக்கும், நாவாந்துறை, கொட்டடிப் பக்கம் நம் அயலில் வாழும் சகோதரர்களுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். முழுவதும் வாசிக்கப் பொறுமை இல்லாதவர்கள் லீசிங் கணக்கு வரும் இடத்தையாவது வாசித்துவிட்டுப் போங்கள்.

2020 மார்ச்சில் மூடிய வாகன இறக்குமதியை அரசாங்கம் 2025 பெப்ரவரி 1ஆம் திகதி தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிட்டது. அன்றிலிருந்து நம் தெருக்களில் வேறு பேச்சு இல்லை. இஷாவுக்குப் பிறகு பள்ளிப் படியில் ஹொண்டா வெசல். தேநீர்க்கடையில் ரொயோட்டா ரைஸ். கல்யாண வீட்டில் யாரிஸ் குரொஸ். (ரைஸ் என்றதும் சோறு என்று நினைத்த எங்கள் வீட்டு மூத்தவர் ஒருவர், "அதுக்கு ஏன் ஒரு கோடி?" என்று கேட்டார். அவர் கேட்டதுதான் சரியான கேள்வி என்று இப்போது தோன்றுகிறது.) எங்கள் மாணவர்கள் கணிதக் கொப்பியின் பின்பக்கத்தில் இந்த வாகனங்களின் முகத்தை வரைகிறார்கள். ஹெட்லைட் அச்சொட்டாக வந்திருக்கிறது. பின்னக் கணக்குத்தான் பிழை.

"நாங்கள்" என்று இங்கே எழுதுவது ஆசிரியர் அறையில் இடைவேளை நேரத்தில் இதைப் பற்றியே வாதாடும் நாலைந்து பேரையும் சேர்த்துத்தான். எங்களில் ஒருவருக்கும் வாகனத்தின் மேல் வெறுப்பு இல்லை. ஒருவர் ஹைபிரிட் கார் ஓட்டுகிறார், ஒருவர் வான் வைத்திருக்கிறார், மற்றவர்களுக்கு மோட்டார் சைக்கிள். எங்கள் வாதம் இவ்வளவுதான்: இந்த நடுத்தர ஜீப்புகள் மோசமான வாகனங்கள் இல்லை. ஆனால் நம் குடும்பத்தின் அளவுக்கும், நம் ஒழுங்கையின் அகலத்துக்கும், நாம் போகும் பயணத்துக்கும் அவை பொருந்தவில்லை. பொருந்தாத ஒன்றுக்காக நம்மில் சிலர் காணி உறுதியை ஈடு வைக்கத் தொடங்கிவிட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறோம். இல்லாவிட்டால் "பொறாமை" என்று சொல்வீர்கள்.

முழங்கால் வலி உள்ள உம்மாமார் இருக்கும் வீட்டுக்கு இந்த வாகனத்தின் இருக்கை உயரம் பெரிய உதவி. தாழ்ந்த காருக்குள் குனிந்து இறங்கிப் பின் ஏறி எழும்ப வேண்டியதில்லை. கதிரையில் இருப்பது போல இருந்து, கதிரையிலிருந்து எழும்புவது போல எழும்பலாம். இரண்டாவது, ஹைபிரிட். கஸ்தூரியார் வீதியில் காலை எட்டு மணிக்கு ஊர்ந்து போகும்போது எஞ்சின் நின்று மோட்டரில் ஓடும், ஏசியும் வேலை செய்யும். இந்த வெயிலில் அது சின்ன விஷயம் இல்லை. மூன்றாவது, தானாக பிரேக் பிடிக்கும் வசதி. 2021இல் வந்த இரண்டாம் தலைமுறை வெசலில் அது எல்லா ரகத்திலும் இருக்கிறது. ஒரு நிமிடம் கண் அசந்தால் உயிர் போகும் ஏ9 வீதியில் அதற்கு மதிப்பு உண்டு. வெசலில் இன்னொரு கெட்டித்தனமும் இருக்கிறது. எரிபொருள் தாங்கியை முன் இருக்கைகளுக்குக் கீழே வைத்ததால் பின் இருக்கையின் அடிப்பலகையை மேலே மடித்து நிறுத்தலாம். ஒரு சைக்கிளை நிமிர்த்தி வைக்கும் அளவுக்கு இடம் வரும். யோசித்துச் செய்தவன் கெட்டிக்காரன்.

இனிக் குறைகளுக்கு வருவோம்.

நம் ஊரில் உயரமாக நிற்கும் எதற்கும் ஜீப் என்றுதான் பெயர். பெயரைக் கேட்டதும் காடு, மேடு, வெள்ளம் எல்லாம் தாண்டும் என்று மனம் எண்ணிக்கொள்கிறது. இந்த வாகனங்களின் அடிவயிற்றுக்கும் நிலத்துக்கும் இடையில் இருப்பது சுமார் ஏழு அங்குலம். ரைஸில் 185 மில்லிமீற்றர். யாரிஸ் குரொஸில் அதுவும் இல்லை, 170. நம் ஊரில் ஓடும் சாதாரண கார்களுக்கு ஆறு அங்குலத்தை ஒட்டி இருக்கிறது. ஆக, நாம் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கும் "உயரம்" ஒரு அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை. மிச்ச உயரம் எல்லாம் பொனட்டிலும் கூரையிலும் இருக்கிறது. இங்கே வருபவற்றில் பெரும்பாலானவை முன் சக்கரம் இரண்டு மட்டும் இழுக்கும் வாகனங்கள். மணற்காட்டு மணலில் புதைந்தால் பக்கத்தில் நிற்கும் ஓட்டோவோடு சேர்ந்து இதையும் தள்ளத்தான் வேண்டும்.

வெள்ளத்துக்கு நல்லது என்று சொல்பவர்கள் 2024 நவம்பரை நினைத்துப் பாருங்கள். பெங்கல் புயலின் மழையில் நம் தாழ்ந்த பகுதிகளில் எவ்வளவு தண்ணீர் நின்றது? 2008இல் நிஷா வந்தபோது யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களைக் கேளுங்கள், இதைவிடப் பெரிய கதை சொல்வார்கள். முழங்காலளவு தண்ணீருக்குள் ஏழு அங்குலம் என்ன செய்யும்? அதிலும் ஹைபிரிட்டில் உயர் அழுத்த மின்சாரம் ஓடும் பற்றரி இருக்கிறது, பின் இருக்கைக்குக் கீழோ, சாமான் வைக்கும் தளத்துக்குக் கீழோ. அதற்குள் சேற்றுத்தண்ணீர் போனால் வெயிலில் காய வைத்து ஸ்டார்ட் பண்ணும் கதை நடக்காது.

குடாநாட்டில் மலை இல்லை. ஏறி இறங்க ஒரு மேடு தேடினாலும் கிடைக்காத தட்டை நிலம். நம்மிடம் இருப்பது ஒழுங்கை. இரண்டு பக்கமும் மதில் எழும்பிய பத்து அடி ஒழுங்கையை எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது சுமார் 3050 மில்லிமீற்றர். புதிய வெசலின் அகலம் 1790. பக்கக் கண்ணாடி இரண்டையும் சேர்த்தால் இரண்டு மீற்றர் என்று வைக்கலாம். மிச்சம் ஒரு மீற்றர். அந்த ஒரு மீற்றரில்தான் சைக்கிளில் வரும் பிள்ளை, தலையில் கூடையோடு வரும் மனுசி, வடிகானின் உடைந்த மூடி எல்லாம். எதிரே இன்னொரு வெசல் வந்தால் ஒருவர் சந்தி வரைக்கும் பின்னுக்குப் போக வேண்டும். யார் போவது என்பதில் இப்போதே முகம் முறிந்த குடும்பங்கள் உண்டு. இந்த விஷயத்தில் ரைஸ் பரவாயில்லை. நீளம் 3995, அகலம் 1695. ஒடுங்கிய இடத்தில் திருப்பவும் லேசு. மூன்றில் நம் ஒழுங்கைக்கு ஓரளவு அளவெடுத்தது போல இருப்பது அது ஒன்றுதான்.

பாடசாலை வாசலில் நிற்பவர்கள் நாங்கள் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். காலை ஏழேகாலுக்கு ஒரு பிள்ளையை இறக்க ஒரு ஜீப். அதன் பின்னால் இன்னொன்று. பொனட் உயர்ந்த வாகனத்துக்கு முன்னால் முதலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று குனிந்து சப்பாத்து நாடா கட்டினால் ஓட்டுபவருக்குத் தெரியாது. காரில் தெரியும் நிலம் இதில் தெரிவதில்லை. கமரா இருக்கிறதே என்கிறீர்கள். பலருடைய வாகனத்தில் கமரா பின்னுக்குத்தான் இருக்கிறது, பிள்ளைகள் முன்னுக்கும்தான் நிற்கிறார்கள். வாசலுக்கு ஐம்பது யார் தள்ளி நிறுத்தி, பிள்ளையை நடத்திக் கூட்டி வாருங்கள் என்று எத்தனை தடவை சொன்னோம். ஐம்பது யார் நடந்தால் வாகனம் வந்தது மற்றவர்களுக்குத் தெரியாமல் போய்விடும் போலிருக்கிறது.

குடும்ப வாகனம் என்கிறார்களே, எந்தக் குடும்பத்துக்கு? ஜப்பானில் அப்பா, அம்மா, ஒரு பிள்ளை, ஒரு நாய் என்று கணக்குப் போட்டுச் செய்த வாகனம் இது. வெசல், ரைஸ், யாரிஸ் குரொஸ் மூன்றுமே ஐந்து இருக்கை. அதிலும் பின் இருக்கையின் நடுவில் இருப்பவர் இடுப்பை ஒடுக்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும். நம் வீட்டில் எத்தனை பேர்? மூன்று, நான்கு பிள்ளைகள், உம்மா, வாப்பா, அநேகமாக கல்யாணம் ஆகாத ஒரு மாமி. நம் வாகனத்துக்கு உண்மையான பரீட்சை நகரத்துக்குள் இல்லை. அது புத்தளம் போகும் பயணம்.

வெளியில் உள்ளவர்களுக்கு இது விளங்காது, நமக்கு விளங்கும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி வெளியேற்றப்பட்டு, பாதிக் குடும்பம் புத்தளத்திலேயே வேரூன்றிவிட்டது. நாம் திரும்பி வந்தோம், நம் தாத்தாமார் அங்கே கட்டிக்கொடுக்கப்பட்டுவிட்டார்கள். அங்கே ஒரு மௌத்து என்றாலும் கல்யாணம் என்றாலும் பெருநாள் என்றாலும் நாம் போக வேண்டும். ஏ9 வழியாக வவுனியா, அநுராதபுரம் போய்ப் புத்தளம் திரும்பினால் சுமார் 270 கிலோமீற்றர். எட்டுப் பேர், மாற்று உடுப்புப் பைகள், ஒரு பெட்டி மாம்பழம், ஒடியல், போகும்போது பனங்கட்டி, வரும்போது கருவாடு. இந்தப் பயணத்துக்கு ஐந்து இருக்கை வாகனம் போதுமா? போதாது. ஆகவே என்ன நடக்கிறது? முற்றத்தில் கோடி ரூபா வாகனம் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. குடும்பம் வாடகை ஹயேஸில் புத்தளம் போகிறது. இதை நாங்கள் கற்பனை பண்ணிச் சொல்லவில்லை, சென்ற பெருநாளுக்குக் கண்ணால் கண்டோம். மௌத்து வீட்டுக்கு எல்லோரையும் ஒன்றாகக் கொண்டுபோக முடியாத வாகனத்தைக் குடும்ப வாகனம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

ஒன்றொன்றாகவும் சொல்லிவிடுகிறோம், வாங்கப் போகிறவர்களுக்கு உதவும்.

பழைய வெசல் ஹைபிரிட், அதாவது 2013 கடைசியில் ஜப்பானில் வந்த முதல் தலைமுறை. இப்போது பாவித்த வாகனமாக அதிகம் கைமாறுவது இதுதான். அதில் இருப்பது ஏழு கியர் கொண்ட இரட்டைக் கிளச் கியர்பொக்ஸ். ஓடிக்கொண்டே இருந்தால் அருமை. ஊர்ந்து ஊர்ந்து நின்று போகும் நெரிசலில் கிளச் சூடேறும் வகை அது. அந்தத் தலைமுறை வாகனங்களை 2014இல் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை ஜப்பானிலேயே திருத்தத்துக்குத் திருப்பி அழைத்தார்கள், கியரையும் எஞ்சினையும் கட்டுப்படுத்தும் மென்பொருளில் பிழை என்று. வாங்கும்போது அந்தத் திருத்தங்கள் செய்யப்பட்டனவா என்று சேஸி இலக்கத்தைக் கொடுத்துக் கேளுங்கள். "மச்சான் தெரிஞ்ச ஆள்தான்" என்பது விடை ஆகாது. 2021இல் வந்த புதிய வெசலில் அந்தக் கியர்பொக்ஸ் இல்லை. இரண்டு மோட்டர் முறை, எஞ்சின் பெரும்பாலும் மின்சாரம் உண்டாக்கவே ஓடுகிறது. நல்ல மாற்றம். அதற்கு ஏற்றபடி விலையும் இருக்கிறது.

ரைஸ் ரொயோட்டா பெயரில் வந்தாலும் செய்வது டைஹற்சு. 2023 மே மாதம் ரைஸ் ஹைபிரிட்டின் பக்கவாட்டு மோதல் சோதனையில் முறைகேடு வெளியே வந்தது. இரண்டு பக்கத்தையும் தனித்தனியே சோதிக்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கத்துத் தரவையே இரண்டுக்கும் கொடுத்திருந்தார்கள். அந்த வருடம் டிசெம்பரில் விசாரணைக் குழு 64 ரகங்களில் முறைகேடு இருந்ததாக அறிக்கை கொடுத்தது, டைஹற்சு எல்லா வாகனங்களையும் அனுப்புவதை நிறுத்தியது. பிறகு சோதனை செய்து அனுமதி கொடுத்துத்தான் விற்கிறார்கள். அதனால் ரைஸ் ஓடவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் "ஜப்பான்காரன் பொய் சொல்ல மாட்டான்" என்று மார்தட்டும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் வாசித்துப் பார்க்கலாம். பரீட்சையில் பார்த்து எழுதிய பிள்ளையை நாங்கள் இரண்டாம் தடவை எழுத வைக்கும்போது பெற்றோர் போடும் சத்தத்தையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறோம்.

யாரிஸ் குரொஸ் எரிபொருள் கணக்கில் மூன்றிலும் முந்தி நிற்கிறது. ஆனால் பின் இருக்கை மூன்றிலும் பெரியது இல்லை. உள்ளே ஏறி முழங்காலை வைத்துப் பாருங்கள், விற்பவர் முன் இருக்கையைத் தள்ளி வைக்க முதல்.

எந்த ஹைபிரிட் வாங்கினாலும் யாழ்ப்பாணத்துக்கு என்று இரண்டு கவனம் வேண்டும். பல ஹைபிரிட்டுகளில் பற்றரியைக் குளிராக்கும் காற்று பின் இருக்கைக்குப் பக்கத்தில் உள்ள துவாரத்தால் போகிறது. அதற்கு ஒரு வடிகட்டியும் உண்டு. நம் செம்மண் புழுதியும் இருக்கை உறையின் பஞ்சும் அதை அடைத்துவிடும். அடைத்தால் பற்றரி சூடாகி ஆயுள் குறையும். சிலர் அந்தத் துவாரத்தின் மேலேயே தலையணையும் தொழுகைப் பாயும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மற்றது, கிணற்றுத் தண்ணீர். நம் நிலம் சுண்ணாம்புக்கல். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ அதுதான் ரேடியேற்றருக்குள்ளும் படியும். கூலன்ட் குறைந்தால் வாளியோடு கிணற்றடிக்கு ஓடாதீர்கள். கடற்கரைப் பக்கம் வீடு உள்ளவர்கள், தீவுப் பக்கப் பாலவீதிகளால் அடிக்கடி போய்வருபவர்கள், வாகனத்தின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்புக் காற்றுக்குப் புது வாகனம், பழைய வாகனம் என்ற வித்தியாசம் இல்லை.

தடைக் காலத்தில் இங்கே ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடிய கதையை, நாம் திரும்பி வந்த பிறகு அயலவர்கள் சொல்லக் கேட்டோம். கார்பரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்களாம். கழற்றிப் பூட்ட ஊரில் ஆள் இருந்தது, கையால் திருத்த முடிந்த வாகனம் அது. இன்றைய வாகனத்தைக் கணினி பூட்டித்தான் கேட்க வேண்டும். வாங்க முதல் ஒரு கேள்வி கேளுங்கள்: இதன் ஹைபிரிட் பற்றரியைத் திறந்து பார்க்க யாழ்ப்பாணத்தில் யார் இருக்கிறார், அவர் இதுவரை எத்தனை திறந்திருக்கிறார்? விற்பவர் பேச்சை மாற்றினால் நீங்கள் வீட்டுக்கு வந்துவிடலாம்.

சரி, கணக்குக்கு வருவோம்.

2025இல் புதிய ரைஸ் ஒன்றே ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. வெசலும் யாரிஸ் குரொஸும் அந்த வருடம் இரண்டு கோடியின் பக்கத்தில் நின்றன. இந்த விலையில் பெரும் பங்கு வாகனத்துக்கு இல்லை, வரிக்கு. 2025இல் எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்து ஒரு வரி, சுங்க வரி, அதன் மேல் 50 வீத மேலதிக வரி, எல்லாவற்றுக்கும் மேல் 18 வீத வற் என்று இருந்தது. ஜப்பானில் ஒரு கடைக்காரர் சாதாரணமாக வாங்கும் வாகனம் இங்கே வந்ததும் அரண்மனை ஆகிவிடுகிறது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் அதே பிளாஸ்டிக்தான்.

"பெற்றோல் மிச்சம், அதில் காசு திரும்பி வந்துவிடும்" என்கிறார்கள். 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா விற்றது, வரிசையில் இரவு படுத்தோம், கியூஆர் அட்டையோடு அலைந்தோம். ஆகவே எரிபொருள் பயம் எங்களுக்கும் விளங்குகிறது. ஆனால் கூட்டிக் கழித்துப் பாருங்கள். மாதம் 800 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள், லீற்றர் 300 ரூபா என்று வைப்போம். ஹைபிரிட் ஜீப் லீற்றருக்கு 20 கிலோமீற்றர் கொடுத்தால் 40 லீற்றர், 12,000 ரூபா. பழைய பெற்றோல் வான் 10 கொடுத்தால் 80 லீற்றர், 24,000 ரூபா. மாதம் 12,000 மிச்சம், வருடத்துக்கு 1,44,000. நல்ல காசுதான். இப்போது ஜீப் ஒரு கோடி இருபது லட்சம், வான் ஐம்பது லட்சம் என்று வையுங்கள். (ரைஸின் விலைக்கு வெசலின் சிக்கனத்தைத் தாராளமாகக் கொடுத்திருக்கிறோம், கவனியுங்கள்.) வித்தியாசம் 70 லட்சம். மிச்சம் பிடித்து அந்த 70 லட்சத்தை எடுக்க 48 வருடத்துக்கு மேல் ஆகும். இன்று வாங்குகிறவரின் பேரன் வந்து கணக்கை முடிக்க வேண்டும். இன்னொன்று, ஹைபிரிட்டின் மிச்சம் நகரத்து நெரிசலில்தான் அதிகம். புத்தளம் போகும் நீண்ட வீதியில் ஒரே வேகத்தில் ஓடும்போது அந்த வித்தியாசம் சுருங்கிவிடும்.

அடுத்தது லீசிங். ஒரு கோடி இருபதில் பாதியைக் கையில் போட்டு, மிச்சம் 60 லட்சத்தை ஐந்து வருடத்துக்கு எடுக்கிறீர்கள். வட்டி 13 வீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 1,36,500 ரூபா. அறுபது மாதம் கட்டி முடிக்கும்போது 60 லட்சத்துக்கு ஏறத்தாழ 82 லட்சம் கொடுத்திருப்பீர்கள். காப்புறுதி, வருட அனுமதிப்பத்திரம், டயர், சேர்விஸ் தனி. கணவனும் மனைவியும் ஆசிரியர்களாக இருக்கும் எங்கள் வீடுகளில்கூட இந்தத் தவணையைக் கட்டினால் அடுப்பு எரிவது சந்தேகம். கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு மாதம் வியாபாரம் படுத்தால் போதும். வட்டி ஹராம் என்று வெள்ளிக்கிழமை தலையாட்டிவிட்டுத் திங்கட்கிழமை லீசிங் கவுண்டரில் கையெழுத்து வைப்பவர்களை நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, அவர்கள் மனதுக்குத் தெரியும். இஜாரா முறையில் எடுக்கிறோம் என்பவர்களுக்கு மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆலிம்கள் இல்லை. ஆனால் மாதம் வீட்டிலிருந்து வெளியே போகும் தொகையை இரண்டு பக்கமும் எழுதிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று கணித ஆசிரியராகச் சொல்லலாம்.

"வாகனம் வாங்கி வைத்தால் விலை ஏறும், அது ஒரு முதலீடு" என்ற கதையும் ஓடுகிறது. அது ஏறியது உண்மை. இறக்குமதி மூடிக் கிடந்த ஐந்து வருடமும் புதிது வரவில்லை, ரூபாவும் விழுந்தது, ஆகவே இருந்ததற்கு மவுசு வந்தது. கதவு திறந்த பிறகும் அதே கணக்கைப் போடுவது, கோடைவிடுமுறைக் கால அட்டவணையை வைத்துக்கொண்டு பள்ளிக்கு வருவது போன்றது. வாகனம் என்பது தேய்கிற சாமான். பற்றரி உள்ள வாகனம் இரண்டு பக்கமும் தேய்கிற சாமான்.

இவ்வளவும் அவரவர் காசு, அவரவர் விருப்பம் என்றால் நாங்கள் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டோம். எழுதவைத்தது சீதனம்.

இந்த வருடம் எங்கள் காதுக்கு வந்த கல்யாணப் பேச்சுகளில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் வீட்டோடு சேர்த்து "ஒரு ஜீப்" என்று கேட்டிருக்கிறார்கள். மகர் கொடுத்துக் கட்ட வேண்டிய மாப்பிள்ளை மோட்டர் வாகனப் பட்டியலோடு வருகிறார். முன்பு மோட்டார் சைக்கிள் என்றார்கள், பிறகு கார் என்றார்கள், இப்போது கார் என்றால் மாப்பிள்ளை வீட்டுக்கு மரியாதை குறைகிறதாம். பெண்ணின் வாப்பா என்ன செய்வார்? அவரிடம் இருப்பது ஒரு காணி. அந்தக் காணியின் கதை நமக்குத் தெரியும். 1990இல் சில மணி நேரத்தில் எழும்பி, ஜின்னா மைதானத்தில் கூடி, கையில் இருந்ததையும் கொடுத்துவிட்டு வெளியேறியபோது பல வீடுகளில் சேலை மடிப்புக்குள் போன ஒரே கடதாசி அந்த உறுதிதான். புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில், மழை ஒழுகும் இடத்தில், பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தோம். 2009க்குப் பிறகு அந்த உறுதியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துதான் "இது எங்கள் வளவு" என்று காட்டினோம். உறுதி தொலைந்தவர்கள் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் எத்தனை வருடம் நடந்தார்கள் என்பதற்கு நாமே சாட்சி. பல வளவுகளில் இன்னும் கூரை போடாத சுவர்தான் நிற்கிறது.

அந்த உறுதியைத்தான் இப்போது ஐந்து இருக்கைக்கு ஈடு வைக்கிறார்கள்.

இதை எழுதினால் ஒரு பதில் வரும், ஏற்கெனவே முகத்துக்கு நேரே வந்துவிட்டது. "முகாமில் கிடந்தோம், வரிசையில் நின்று தண்ணீர் பிடித்தோம். இப்போது ஒரு நல்ல வாகனத்தில் ஏற நமக்கு ஆசை இருக்கக் கூடாதா? கொழும்புக்காரன் ஏறலாம், வெளிநாட்டுக் காசு வரும் வீட்டுக்காரன் ஏறலாம், நாம் மட்டும் பழைய வானில் போக வேண்டுமா?" இந்தக் கேள்வியை நாங்கள் இலேசாகத் தள்ளிவிடவில்லை. எங்கள் வீடுகளிலும் அதே ஆசை இருக்கிறது. திரும்பி வந்தவனை ஊர் எப்படிப் பார்க்கிறது என்ற கவலை அந்த ஆசைக்குள் இருக்கிறது, அது நியாயமான கவலை. இரும்புக்கடையும் லொறியும் வைத்து வாழ்ந்த சமூகம் வெறுங்கையோடு திரும்பி வந்தால் நிமிர்ந்து நிற்க ஏதாவது வேண்டும்தான். காசு கையில் இருந்து, கடன் இல்லாமல், காணியைத் தொடாமல் வாங்குகிறவர் தாராளமாக வாங்கட்டும். அவருக்கு எங்கள் ஆலோசனை ஒழுங்கையின் அகலத்தைப் பற்றியும் பாடசாலை வாசலைப் பற்றியும் மட்டும்தான். ஆனால் காணியை விட்டுக்கொடுத்து வாகனத்தில் நிமிர்ந்து நிற்பவர், தவணை தவறிய மூன்றாம் மாதம் வாகனத்தையும் கொண்டுபோகும்போது எதில் நிற்பார்?

வேறு என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு. வீட்டில் நாலு பேர், நகரத்துக்குள் மட்டும் ஓட்டம் என்றால் ஒரு சின்ன ஹைபிரிட் கார் இந்த ஜீப்புகள் செய்யும் வேலையில் பெரும்பகுதியை அரைவாசி விலைக்குச் செய்யும். ஆறு, ஏழு பேர் என்றால் பழைய வான் ஒன்றைப் பொறுமையாகத் தேடுங்கள். அதைத் திருத்தத் தெரிந்த பாஸ்மார் நம் ஊரில் எந்தச் சந்தியிலும் இருக்கிறார்கள். வருடத்தில் மூன்று, நான்கு தடவைதான் புத்தளம் என்றால் அதற்கு வாடகை வான் பிடிப்பதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை, சாரதி ஒருவருக்கு அன்றைக்குத் தொழில். மின்சார வாகனம் பற்றியும் கேட்கிறார்கள். கூரையில் சூரியத் தகடு போட்ட வீடுகளுக்கு அதில் வேறு கணக்கு இருக்கிறது, அதைத் தனியாக எழுத வேண்டும்.

பெண் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை யாராவது "ஒரு ஜீப்" என்று கேட்டால் தேநீரைக் கொடுத்துவிட்டு, எந்த ஒழுங்கையில் நிறுத்துவீர்கள், எத்தனை பேர் ஏறுவீர்கள், பற்றரிக்கு யார் காசு கொடுப்பது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த மாப்பிள்ளையை எங்களுக்கும் காட்டுங்கள்.

வாங்குவது என்று ஏற்கெனவே முடிவு எடுத்தவர்கள், கையெழுத்து வைக்க முதல் எந்தச் சனிக்கிழமை அஸருக்குப் பிறகும் எங்களில் ஒருவரைப் பிடியுங்கள். லீசிங் கடதாசியையும், வாகனம் ஜப்பானில் ஏலம் போனபோது கொடுத்த தாளையும் கொண்டு வாருங்கள். அளவுநாடாவும் கல்குலேற்றரும் எங்களிடம் இருக்கின்றன. ஒழுங்கையையும் ஒரு தடவை அளந்துவிடுவோம்.